பக்கத்து வயல் மண்

— கேட்டே எடுத்திருக்கலாமே வசீலாக்கா. ஊரே மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்துல, வாளி நிறைய மண்ணோட என் மிளகாய் வரிசைக்குள்ள பதுங்கி நிக்கணுமா?

— கத்தாதடி பஹீஜா. ஓரகத்தி வயல்ல கால் வைக்கக் கூடாதுன்னு சட்டமா? மாமனார் இருந்தவரைக்கும் இது ஒரே வயல். நடுவுல அந்தக் கல்லை நட்டது உன் புருஷன்.

— நட்டது அண்ணன் தம்பி ரெண்டு பேரும். எந்தப் பாதி வேணும்னு முதல்ல கேட்டது உங்க வீட்டுக்காரரைத்தான். கிணத்துப் பக்கம்தான் வேணும்னு அவரே எடுத்துக்கிட்டாரு.

— எடுத்து என்ன வாழுது? கிணத்தை ஒட்டி இருக்கிற என் செடி தலை தொங்கிக் கிடக்கு. தண்ணிக்கு அலையுற உன் செடி தளதளன்னு நிக்குது. அதே நாத்து. குர்பா சந்தையில நீயும் நானும் ஒரே பெட்டியைப் பிரிச்சு வாங்கினது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது. சொல்லிட்டேன், போ.

— அது தெரிஞ்சதுதானே அக்கா.

— ஓ, தெரியுமா? அதான் வாசல்ல மீன் வாலை ஆணி அடிச்சு மாட்டியிருக்கியாக்கும். என் கண்ணு படக் கூடாதுன்னுதானே?

— எல்லார் வீட்டுலயும்தான் மாட்டியிருக்கு. உங்க வாசல்ல ரெண்டு இருக்கு.

— பேச்சை மாத்தாத. என்ன மருந்து அடிக்கிற? உன் தம்பி துனிஸ்லேர்ந்து வந்தப்ப பையில என்னமோ மறைச்சுக் கொண்டுவந்தானாமே.

— செருப்பு கொண்டுவந்தான். மருந்து ஒண்ணும் இல்லக்கா. ஆட்டு எருவைக் குளிர்காலம் முழுக்க மக்க விட்டுப் போட்டேன். பட்டாணி பறிச்சதும் கொடியைப் பிடுங்காம மண்ணோட மடக்கி உழுதோம். அவ்வளவுதான்.

— நானும்தான் மூட்டை மூட்டையா உரம் கொட்டினேன்.

— இருங்க, இருங்க. அதோட வேற என்ன செஞ்சீங்க? அதையும் சொல்லுங்க.

— வேற என்ன? போன வருஷம் நாலு செடி வாடிச்சு. மண்ணுல ஏதோ அழுக்கு சேர்ந்திருக்குன்னு சுத்தம் பண்ணினேன்.

— எதை வச்சு?

— ப்ளீச்சிங் தண்ணியை வச்சுத்தான். முற்றம் கழுவுறேன், படி கழுவுறேன், கோழிக்கூண்டைக் கூடக் கழுவுறேன். எங்க வீட்டுத் தரையில குஸ்குஸைக் கொட்டிச் சாப்பிடலாம்னு ஊரே சொல்லும். வயலை மட்டும் விடுவேனா? வாய்க்கால் வாய்க்காலா ஊத்தினேன். இந்த வருஷமும் நாத்து நடுறதுக்கு முன்னால ஊத்தினேன்.

— அங்கதான்க்கா எல்லாம் போச்சு. விவசாய ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்தாளே, அவ சொன்னதை நீங்க எங்க கேட்டீங்க? அவ தலைமுடி சாயத்தைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தீங்க.

— வைக்கோல் கலர்ல இருந்தா பேச மாட்டாங்களா?

— ஒரு பிடி மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்குதாம். கெட்டதும் உண்டு, நல்லதும் உண்டு. நல்லது வேரைச் சுத்தி ஒட்டிக்கிட்டு உக்காந்துடுமாம். வாடல் நோய் வந்தா அதுக்கு இடமும் கிடைக்காது, தீனியும் கிடைக்காது.

— சரி, வேர்ல உக்காந்திருக்கிறது இலையில ஏறுற அசுவினிப் பூச்சியை என்ன பண்ணும்? என் இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. உன் இலை துடைச்ச மாதிரி இருக்கு.

— இங்கேயும் வருது. பெருகல, அவ்வளவுதான். வேர்ல இருக்கிறதுங்க செடியை உசுப்பி விட்டுக்கிட்டே இருக்குமாம். பூச்சி வந்து உறிஞ்சினா சாறு ருசிக்காதாம். நீங்க நோயைக் கொல்லணும்னு ஊத்தி, காவலுக்கு இருந்ததையும் சேர்த்துக் கொன்னுட்டீங்க. நோய் திரும்பி வந்துடுச்சு. காவல் வரல.

— படிச்சவ மாதிரி பேசாத. எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு வழி சொல்லு. என் பையன் அனீஸுக்குப் பொண்ணு குடுக்குற வீட்டுக்காரங்க வர்றாங்க. போன தடவையே சம்பந்தியம்மா வண்டியை விட்டு இறங்கினதும் நேரா உன் சுவரைப் பார்த்து, இதுதானே மாப்பிள்ளை வீடுன்னு கேட்டா. உன் சுவர்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் மிளகாய்ச் சரம். என் சுவர்ல வெறும் சுண்ணாம்பு. மாப்பிள்ளையோட அம்மா தன் வயல் மிளகாயை இடிச்சு ஒரு ஜாடி ஹரீஸா விழுது கொடுக்கணும். நான் எதை இடிப்பேன்?

— என் மிளகாயைப் பறிச்சுக்கோங்க. யாருக்குத் தெரியப்போகுது?

— எனக்குத் தெரியுமே. அவங்க ஒவ்வொரு வாய் வைக்கிறப்பவும் உன் காரம்தான் நாக்குல நிக்கும். நல்லா இருக்குன்னு வேற சொல்லுவாங்க. வேணாம்டி.

— உங்களுக்குப் பையன் இருக்கான், கல்யாணம் இருக்கு. எனக்கு இருக்கிறது அந்தச் சுவர் ஒண்ணுதான்க்கா. அனீஸ் பிறந்தப்ப எள்ளும் வெண்ணெயும் போட்டு இனிப்பு கிண்டி எடுத்துட்டு வந்து உங்க கட்டில் பக்கத்துல நின்னேன். அன்னைக்கு எனக்கு எரிஞ்ச எரிச்சல் உங்களுக்குத் தெரியாது.

— ஒரு நாளும் முகத்துல காட்டலையே நீ.

— காட்டினா பிள்ளைக்குக் கண் போட்டுட்டேன்னு சொல்லியிருப்பீங்க. அதை விடுங்க. வாளியில இருக்கிறது வரப்பு மண்ணு மாதிரி தெரியுது. அதை இங்கேயே கொட்டிட்டு வாளியைக் கொடுங்க. வேர் ஓரமா நல்ல மண்ணா நானே அள்ளித் தரேன். எருவோட கலந்து உங்க வயல்ல போடுங்க. ப்ளீச்சிங்கை மட்டும் மறந்துடுங்க. அடுத்த வருஷம் பாருங்க.

— இங்க கொட்ட மாட்டேன்.

— ஏன்க்கா? வெறும் மண்ணுதானே. கொட்டுங்க.

— வாளியைத் தொடாத பஹீஜா. இது உன் மண்ணு இல்ல. நான் எடுக்க வரல. என் செத்த செடிங்களோட வேர் மண்ணு இது. உன் செடி அடியில கொட்டத்தான் வந்தேன். அடுத்த வருஷம் உன் சுவரும் வெறுமையா இருந்தா என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு வந்தேன். நீ இப்படித் தாராளமா பேசினதும் கை வரமாட்டேங்குது. திட்டுடி.

— ஜூன் மாசம் கை வந்துதே அக்கா. இந்த வருஷம் உங்க செடி வாட ஆரம்பிச்சப்ப, இதே வரிசையில ஒரு வாளி கொட்டிட்டுப் போனீங்களே. நான் மொட்டைமாடியிலதான் துணி உலர்த்திக்கிட்டிருந்தேன்.

— பார்த்தியா? பார்த்துட்டுமா மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்த? அன்னைக்கே ஏன் என்னைப் பிடிக்கல?

— பிடிச்சிருந்தா ஒரு நாள் சண்டையோட முடிஞ்சிருக்கும். நீங்க தினமும் காலையில கல்லுகிட்ட வந்து எட்டிப் பார்த்து, ஒரு செடி கூட வாடலையேன்னு வெந்துபோறதை நான் எப்படிக்கா பார்த்திருக்க முடியும்?