சத்தம் இல்லாத இடைவெளி

சாயங்காலம் ஆறே முக்கால். ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற ரோடு... பஸ் போய்விட்டால் ஒரு நாய்கூட இருக்காது. அந்த ரோட்டு மேல் ஒரு பள்ளிக்கூடம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மஹிமா. என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கிற அமர்நாத்தின் அக்கா; அவன் சொன்னதுதான் இது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. விசைத்தறி ஷெட்டில் வேலை செய்பவர்களின் காது எவ்வளவு கெடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஊருக்கே போய் இலவசமாகச் சோதித்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு.

கடைசியாக வந்தவர் கெங்கம்மாள். முப்பது வருஷம் ஷெட்டில் நின்றவர். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

"மிஷின்லாம் வேணாம்மா. காது சுத்தமா போச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு, போதும்."

"எதுக்குங்க?"

"போன ஆடியில எம் பையன் சின்னதுரை வூட்டுப் பின்னால கெணத்துல வுழுந்துட்டான். கூப்புட்டானாம். எதிர் வூட்டுக்காரங்க ஓடியாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. நான் பின்பக்க சொவரு ஓரமாதான் படுத்துகினு இருந்தேன். மருமவ ராதிகா எங்கூட பேசறதில்ல. 'காபின்னா மட்டும் கேக்குதே'ன்றா. நீ எழுதிக் குட்தா நம்புவா."

மஹிமா அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். பீப் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நடுநடுவே சத்தம் அனுப்பாமல் சும்மா விடுவார்கள். அப்போது கையைத் தூக்கினால் அந்தச் சோதனை செல்லாது. பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கிற வழி.

பீப்... கை அசையவில்லை. இருப்பதிலேயே பெரிய சத்தம்... அசையவில்லை.

நிறுத்தினாள்.

கை மேலே போனது.

மறுபடி பீப். கை இறங்கியது. நிறுத்தினாள். மேலே. ஒன்பது தடவை.

"இன்னா கேக்குது உங்களுக்கு?"

"அவன்தான். கூப்புட்டுகினே கீறான்."

மஹிமா விதிப்படி எழுதினாள். நம்பத்தக்கதல்ல. சீட்டு கிடையாது. கெங்கம்மாள் சண்டை போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

கருவியை எடுத்து வைக்கும்போது ஹெட்போன் பஞ்சு ஈரமாக இருந்தது. பாசி வாடை. காதில் வைத்தாள். அவள் எதையும் அனுப்பவில்லை. தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தம்... சளப்... சளப்... பிறகு, ரொம்பக் கீழேயிருந்து, "எம்மா..."

அன்று ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் சீட்டு எழுதினாள். இரண்டு காதும் அறவே கேட்காது. கையெழுத்துப் போட்டு, முதல் பஸ் பிடித்துப் போனாள்.

கெங்கம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். ராதிகா சீட்டை வாங்கிப் படித்தாள். மடித்தாள். திரும்பப் பிரித்துப் படித்தாள்.

"நேத்தே குட்த்திருக்கலாமே."

கிணற்றடியில் கெங்கம்மாளின் செருப்பு, ஜோடியாக.

அதோடு மஹிமா ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். நான் படிப்பை விட்டது சோம்பலில். அவள் விட்டது இதனால்.

கருவியைப் பல்கலைக்கழகத்தில் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரே ஒரு தடவை ஹெட்போனை மாட்டிப் பார்த்தாளாம். பையன் குரல் இல்லை. தண்ணீர் சத்தமும் இல்லை. கிட்டத்தில்... மூச்சு வாங்கிக்கொண்டு... ஒரு பொம்பளைக் குரல்.

"தோ, வந்துட்டேன்டா."