முழு செமஸ்டர் கட்டணம்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு மிஞ்சினால் காலையில் பூண்டு தட்டிப் போட்டு வதக்கிவிடுவேன். கொட்ட மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய எதையும் வீணாக்குவது எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது. என்னைப் பற்றி எழுதிக்கொள்வதாக இருந்தால் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

என் பெயர் எவாஞ்சலின். இந்த இலோயிலோ நகரத்தில், லா பாஸ் சந்தைக்கு எதிரே இருக்கும் அடகுக் கடையில் வேலை. நகையை உரசிப் பார்த்து, இதற்கு இவ்வளவு தரலாம் என்று சொல்பவள். ஜெர்வின் என் ஒரே தம்பி, எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். அவன் பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பா இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவனுடைய பால் பவுடர் முதல் சவரக் கத்தி வரை என் சம்பளம்தான். அதை ஊரில் சொல்லிக் காட்டும் பழக்கம் எனக்கில்லை. அவனிடம் மட்டும்தான் சொல்வேன்.

அவனைக் கப்பல் கல்லூரியில் சேர்த்தது நான். எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு என்றால் அது கப்பல்காரன் வீடாக இருக்கும். அவனுக்கு ரொட்டி சுடும் படிப்பில்தான் ஆசை. ஆசையை யாரும் அடகுக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று சொன்னேன். முதல் வருடம் முடித்தான். இரண்டாம் வருடம் தொடங்கிக் கொஞ்ச நாளில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். அக்கா என்ற முறையில் என்னை மனாங் என்றுதான் கூப்பிடுவான்.

“மனாங், நான் காலேஜ விட்டுட்டேன்.”

“எப்ப?”

“மூணு வாரம் ஆச்சு.”

“மூணு வாரமா வெள்ளச் சட்டைய மாட்டிக்கிட்டு எங்கடா போன?”

“பெர்டிங் அண்ணனோட ரொட்டிக் கடைக்கு.”

அம்மா அழ ஆரம்பித்தாள். அவன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். மேல் வகுப்புப் பையன்கள் துடுப்பால் அடித்திருந்தார்கள். சில இடங்களில் தோல் பிளந்திருந்தது. நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். “தோல் தானா ஆறிரும்டா. கட்டின ஃபீஸ் தானாத் திரும்பி வருமா?” என்று கேட்டேன். அவன் சட்டையை இறக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த முதுகைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

ஊரின் மறு கோடியில் இன்னொரு கல்லூரியில் சமையல் படிப்பு இருந்தது. அதில் சேரப் பழைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். இருவரும் போனோம். பணம் கட்டும் ஜன்னலில் மிஸ் அராசெலி என்று ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

“ஆரம்பத்துலயே விலகுறேன்னு எழுதிக் குடுத்திருந்தா கொஞ்சம்தான் பிடிப்போம். இப்போ முழு செமஸ்டருக்கும் கட்டணும். கட்டினாத்தான் சான்றிதழ்.”

“நான் க்ளாஸுக்கே போகலையே மிஸ்,” என்றான் ஜெர்வின்.

“உன் சீட்டு காலியாத்தானே கெடந்துச்சு தம்பி? அத வேற யாருக்கும் குடுக்க முடியலையே.”

அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. உட்காராத நாற்காலிக்கும் விலை உண்டு.

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். மாதாமாதம் கட்டலாம், அக்கா பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் சான்றிதழை இப்போதே தந்துவிடுகிறேன் என்றாள். பெர்டிங்கும் சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். என்னிடம் யாரும் ஒரு பெசோ கேட்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. மூடியை மாட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜீப்னி வண்டி நிறுத்தத்தில் அவன் கேட்டான். “ஏன் மனாங்? உன் காசையா கேட்டேன்?”

“லேசாக் கெடச்சா இதையும் பாதியில விட்டுருவ.”

“நான் விட மாட்டேன். உனக்கும் அது தெரியும். நான் உருப்பட்டுட்டா நீ யாரத் திட்டுவ? அதான் உன் பயம்.”

வயதுக்கு மீறின பேச்சு. வந்த வண்டியில் ஏறினேன். அவன் வீடு வரை நடந்தே வந்தான்.

அடுத்த சில மாதங்கள் எங்கள் வீடு அமைதியாக இருந்தது. அவன் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தான். சமையல் கல்லூரியில் சேர்க்கை முடிந்துபோயிற்று. சாப்பாட்டு நேரத்தில் நான் “அந்த செமஸ்டர்” என்று தொடங்கினால் போதும், தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவான். ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “போதும் மகளே, அவன் சோத்துல உப்பு இருக்குறதே தெரியாமத் திங்குறான்,” என்றாள். அவனுடைய நன்மைக்குத்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

டெல்மா எங்கள் கடைக்கு வந்து போகிறவள். முன்பு வளையலை வைப்பாள், மீட்பாள். பிறகு மீட்க மட்டும் வந்தாள். தாய்லாந்தில் கணினியில் தட்டச்சு வேலை, விமானச் செலவு அவர்களுடையது, படித்த பையன்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். ஜெர்வினின் பெயரைக் கொடுத்தேன்.

அவன் ஒப்புக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. “ஒரு வருஷம் சம்பாதிச்சு அந்த ஃபீஸக் கட்டித் தொலைச்சிட்டு, நேரா சமையல் படிப்புக்குப் போறேன். அதுக்கப்புறம் உன் மொகத்துல முழிக்க மாட்டேன்,” என்றான். புறப்பட்ட அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டான். என் பெட்டியைத்தான் எடுத்துப் போனான், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல பெட்டி அது.

முதல் மாதம் செய்தி வந்தது. சாப்பாடு சரியில்லை, ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலை, இடமும் தாய்லாந்து இல்லை, ஆற்றைத் தாண்டி வேறெங்கோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று. பிறகு அங்கிருந்து ஓர் ஆள் கூப்பிட்டான். ஆங்கிலத்தில், மிகவும் பண்பாகப் பேசினான். தம்பி வேலையில் பின்தங்கியிருக்கிறான், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள மூன்று லட்சம் பெசோ ஆகும் என்றான். பாதியில் விடுகிறவன் முழுக் கணக்கையும் தீர்க்க வேண்டும் என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. பிறகு ஜெர்வினிடம் கொடுத்தான்.

“மனாங், கட்டிரு. உன் கால்ல விழுறேன். திரும்பி வந்து கப்பல் படிப்பே படிக்கிறேன். நீ என்ன சொன்னாலும் படிக்கிறேன். கரண்டு வைக்கிறாங்க மனாங்.”

“பாக்கலாம்,” என்றேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் என் சேமிப்பு அவர்கள் கேட்டதற்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை, நீங்களே விசாரித்திருப்பீர்கள். மறுநாள் விடுப்பு எடுத்தேன். நேராகப் போய்க் கொஞ்சம் பணம் எடுத்து, கையில் இருந்ததோடு சேர்த்துக்கொண்டு, மிஸ் அராசெலியின் ஜன்னலுக்குப் போனேன். செமஸ்டர் கட்டணத்தை முழுவதுமாகக் கட்டினேன். முந்தைய கடனை முதலில் தீர்ப்பதுதான் முறை. அவள் சந்தோஷப்பட்டாள். “தம்பி எங்க, சேரப் போறானா?” என்றாள். வெளிநாட்டில் வேலையில் இருக்கிறான் என்றேன். மாற்றுச் சான்றிதழை உறையில் போட்டுக் கொடுத்தாள்.

அதைக் கட்டியதும் என் சேமிப்பு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. குறைந்த தொகையை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த முறை அவன் பேசியபோது நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். “காலேஜ்ல முழுசும் கட்டிட்டேன்டா. இனிமே உன் பேர்ல பாக்கி கிடையாது. எந்தப் படிப்புல வேணாலும் சேரலாம்.”

“அம்மாவ நல்லாப் பாத்துக்க,” என்றான். மனாங் என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. நாலாவது மாடியிலிருந்து விழுந்தான் என்று நீங்கள் வந்து சொல்லித்தான் தெரியும். குதித்தானா, தள்ளினார்களா என்பது உங்களுக்கே தெரியாதபோது என்னை மட்டும் அப்படிப் பார்ப்பது சரியில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பியின் குரலைக் கேட்டு நாளாயிற்று என்று தினமும் சொல்கிறாள். அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டெல்மாவைப் பற்றி எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். அவள் என்னிடம் பையன்கள் உண்டா என்று கேட்பதற்கு முன்பே தெரியும். பக்கத்து ஊர் பவியாவிலிருந்து ஒரு அம்மாள் கடைக்கு வருவாள். முதலில் தோட்டை வைத்தாள், பிறகு கல்யாண மோதிரம், பிறகு தையல் இயந்திரம். மகனை அந்த இடத்திலிருந்து மீட்க. மீட்டுவிட்டாள். “வந்துட்டான் மேடம், ஆனா பகல்லகூட லைட்டப் போட்டுத்தான் தூங்குறான். ஃபோன் அடிச்சா மேசைக்கு அடியில போயி உக்காந்துக்குறான்,” என்று என் ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுதாள். அனுப்பியது யார் என்றும் சொன்னாள். எங்கள் கடையில் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி இன்னொருவரிடம் பேசக் கூடாது, போலீசில் கேட்டாலொழிய. யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் எண்ணம் இதுதான். ஒரு வருடம் கஷ்டப்பட்டால் எதையும் பாதியில் விடக் கூடாது என்று படித்துக்கொள்வான். கப்பல் கல்லூரியில் துடுப்பால் கற்றுக்கொடுக்க முடியாததை அங்கே கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாளின் மகனும் உயிரோடுதானே வந்தான்.

டெல்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். சரி. ஆளுக்கு இருபதாயிரம் கொடுப்பது அவள் வழக்கம், எனக்கும் கொடுத்தாள். கையில் இருந்த பணம் என்றேனே, அதுதான். அதில் ஒரு பெசோவைக்கூட நான் தொடவில்லை. அவனுடைய பணம் அவனுடைய கட்டணத்துக்கே போய்ச் சேர்ந்தது.

தம்பியை விற்றாயா என்று இதோடு இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். விற்கிறவள் விலை பேசுவாள் மேடம். நான் அவள் கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.