கை காட்டாவிட்டால் சாலை சுத்தம்

காபியை ஆறவிடாதீர்கள். ஆறின காபியை மறுபடி சூடாக்கித் தரும் பழக்கம் இந்த வீட்டில் கிடையாது.

முதலில் உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சைக்கிள் பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் மாற்றிப் போட்ட கட்டையும் இழுத்துக் கட்டிய கம்பியும் ஒழுங்காகவே வேலை செய்தன. வாராவாரம் இந்த வாசலில் நின்று, "நான் இன்னொரு தடவ பாத்திருக்கணும்" என்று நீங்கள் கண் கலங்குவதும், "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்று நான் சொல்வதும் எனக்கே அலுத்துவிட்டது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவள். கண்ணாடியில் ஒரு துளி பிசகினாலும் ஆளைத் திரும்ப உட்காரவைத்துச் சோதிப்பேன். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் செய்யாத தப்புக்கு அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

குரலை மட்டும் உயர்த்தாதீர்கள். கடுகு உள்ளே தூங்குகிறாள். மாத்திரை போட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

கடுகு என்ற பெயர் என் தம்பி அவளுக்கு வைத்தது. ஆள் சின்னது, சூடு பட்டால் வெடிப்பாள். அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியதிலேயே என் கல்யாண வயது ஓடிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவன் கடுகைக் கட்டிக்கொண்டு வந்தபோது, நாத்தனார்க்காரியிடம் ஜாக்கிரதையாக இரு என்று அவள் வீட்டில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் மடியில் தலைவைத்து டிவி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தம்பியின் சிறுநீரகம் கெட்ட பிறகு அவளும் நானும் மாறி மாறி டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்திருந்தோம். அவன் போனதும், அவளுடைய அம்மா பெட்டியைக் கட்டி அவளைக் கூட்டிப்போக வந்தார். கடுகு அசையவில்லை. "நான் எங்கயும் வரல. அக்காவோடயே இருந்துடறேன்" என்றாள். நான் கேட்டு வாங்கிய வார்த்தை இல்லை அது. நாலு பேர் முன்னால் அவளாகச் சொன்னது. நான் என்ன செய்தேன் என்று எடைபோடுவதற்கு முன்னால் நீங்கள் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வார்டுக்காக நிதி திரட்ட வருடந்தோறும் நடக்கும் மலைச் சைக்கிள் பயணத்துக்குப் போகலாம் என்றதும் அவள்தான். "அவருக்காக ஓட்டுவோம் அக்கா. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்." ஐம்பதை எட்டிப்பார்க்கும் வயதில், பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு நான் தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுப் பெரியவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முதல் மாதம் சைக்கிளை நான் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏறும் சாலைக்குப் பெருமூச்சு மேடு என்று கடுகு பெயர் வைத்தாள். அதில் நிற்காமல் ஏறிய அன்று இருவரும் உச்சியில் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே அழுதோம். தம்பி போன பிறகு நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அதுதான்.

சைகைகளை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடை வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினீர்கள். "பின்னால வர்றவங்களுக்குக் கண்ணு முன்னால போறவங்கதான். சக்கரத்த ஒட்டி வரும்போது அவங்களுக்கு ரோடே தெரியாது. பள்ளம்னா விரலக் கீழ நீட்டுங்க. மண்ணு, ஜல்லின்னா உள்ளங்கைய விரிச்சு ஆட்டுங்க. கை காட்டலன்னா ரோடு சுத்தம்னு அர்த்தம்." நல்ல ஆசிரியர் நீங்கள். அதற்குப் பிறகு நான் ஒரு சின்னக் குழியைக்கூடக் காட்டாமல் விட்டதில்லை.

என் உடம்பு அகலம். எதிர்காற்றை நான் வாங்கிக்கொள்வேன், அவள் என் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவாள். "உங்க முதுகத் தவிர நான் எதையும் பாக்கறதே இல்ல அக்கா" என்பாள். ஒருவர் நம்மை அந்த அளவுக்கு நம்புவது எத்தனை சுகம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். போகப்போக நீங்களும் எங்களோடு சேர்ந்து வர ஆரம்பித்தீர்கள். பஞ்சர் ஆனால் உதவிக்கு ஆள் இருக்கிறது என்று நான் நிம்மதிதான் பட்டேன். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிறவளுக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியவில்லை. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பயணத்துக்கு முன்னால் நோயாளிகளைப் பார்க்க எல்லோரும் வார்டுக்குப் போனோமே, அன்றுதான் தெரிந்தது. என் தம்பிக்கு ஊசி குத்திய அதே தலைமை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் பெரிய மனசும்மா. தம்பி பொண்டாட்டிக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் முன்ன நின்னு கல்யாணம் பண்ணி வைக்க யாருக்கு மனசு வரும்?" நான் சிரித்தேன். பக்கத்திலிருந்த சைக்கிள்காரர்களும் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தம்பி படுத்திருந்த அதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் மூன்றாம் மனுஷியிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அவள் செய்தது துரோகம். அதற்கு வேறு நல்ல வார்த்தை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"பயணம் முடியட்டும்னு இருந்தேன் அக்கா. இப்பவே சொன்னா நீங்க மனசு ஒடஞ்சு போயிடுவீங்க."

"எப்பத்துலேருந்து?"

"தெரியல. அவர மறந்துட்டு இல்லக்கா. அவர் இருந்திருந்தா என்ன நெனச்சிருப்பாரு, சொல்லுங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பக்கத்துத் தெருவில்தான் வீடு பார்த்திருப்பதாகவும் தினமும் வந்து எட்டிப்பார்ப்பதாகவும் சொன்னாள். எட்டிப்பார்ப்பாளாம். அந்த வார்த்தை மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, சாப்பிடக் கூப்பிட்டேன்.

மறுநாள் மனசு சரியில்லை. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுச் சும்மா ஒரு பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனேன். இறக்கத்தில், மூன்றாவது வளைவில் டிரைவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். சாலை போட வந்தவர்கள் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது வளைவு முழுக்கப் பரவிக் கிடந்தது. "எவனாவது விழுந்து பல்ல ஒடச்சுக்கிட்டாதான் அள்ளுவானுங்க" என்று டிரைவர் திட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்து பார்த்தேன். பாறைப் பக்கம் ஓரமாக ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்குத் தரை சுத்தமாக இருந்தது. அதன்மேல் இரண்டு தரம் நடந்து பார்த்தேன். அப்போதும் எனக்குள் ஒரு முடிவும் இல்லை. இருந்தது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஞாயிறு எங்கள் கடைசிப் பயிற்சி. சமதரையிலேயே ஓட்டிவிட்டுத் திரும்பலாம், கால் வலிக்கிறது என்றாள் கடுகு. மலை ஏறாமல் மலைக்குத் தயாராவது எப்படி என்று கேட்டேன். சரி என்றாள். நான் எது சொன்னாலும் சரி என்பவள்தான், கல்யாண விஷயத்தைத் தவிர.

அன்று காலையில் என்னைப் போல ஒழுங்காகக் கை காட்டியவர் யாரும் இருந்திருக்க முடியாது. சாக்கடை மூடி, வேகத்தடை, உடைந்த பாட்டில், ஒரு தென்னை மட்டை என்று எதையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து "சரிக்கா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. இறக்கத்தில் முதல் வளைவில் ஈரத்தைக் காட்டினேன். இரண்டாவது வளைவில் ஒரு பள்ளம், அதையும் காட்டினேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. ஜல்லிக்குச் சற்று முன்னால் பாறைப் பக்கம் ஒதுங்கி அந்தச் சுத்தமான ஓரத்தில் போய்விட்டேன்.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். அது பிடித்தது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பிரேக்கில் குறை இல்லை. ஜல்லியின்மேல் அவ்வளவு நன்றாகப் பிரேக் பிடித்தால் சைக்கிள் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அக்கா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். தடுப்புச் சுவரில் முதுகு மோதிய சத்தம் கேட்டது. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், தலையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன், வெயில் படாமல் மறைத்து உட்கார்ந்தேன். அவள் உயிருக்கு ஆபத்து வரவேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. ஒரு கால் ஒடியும், சில மாதம் வீட்டோடு கிடப்பாள், அதற்குள் நீங்களும் ஓய்ந்துபோவீர்கள் என்றுதான் நினைத்தேன். முதுகெலும்பு என்பது என் எண்ணத்திலேயே இல்லை. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நான் அழுததை நீங்களே பார்த்தீர்கள். அது நடிப்பில்லை.

அடுத்த வாரம் மலைப் பயணத்துக்கு நான் தனியாகப் போனேன். இரண்டு பேருக்காக ஓட்டுகிறேன் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இதையெல்லாம் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். சைக்கிளில் போகும்போது கை காட்டாதது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கடுகிடமே சொல்லிப் பாருங்கள், அவளே நம்பமாட்டாள். மருத்துவமனையில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்க கை காட்டினீங்களா அக்கா? நான்தான் பாக்கலையா?" என்பது. "காட்டினேன்டா. நீ கவனிக்கல" என்றேன். அன்றிலிருந்து தினம் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். குளிப்பாட்டும்போதும் கேட்கிறாள், திருப்பிப் படுக்கவைக்கும்போதும் கேட்கிறாள். "என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்" என்கிறாள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடையை வீட்டு முன்னறைக்கே மாற்றிவிட்டேன். அவள் குரல் கொடுத்தால் எனக்குக் கேட்கும்.

எப்படி இருந்தாலும் அவளைக் கட்டிக்கொள்கிறேன், என் வீட்டு வாசலில் சக்கர நாற்காலிக்குச் சறுக்குப்பாதைகூடக் கட்டிவிட்டேன் என்று இன்று நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள்மேல் மரியாதை கூடியது, அதனால்தான் உண்மையைச் சொன்னேன். ஆனால் அவள் வரமாட்டாள். உங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நான் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

என் தம்பி இருந்திருந்தால் அவள் நன்றாக வாழ்வதைத்தான் விரும்பியிருப்பான் என்று சற்று முன்னால் சொன்னீர்கள். நீங்கள் அவனைப் பார்த்ததுகூட இல்லை. கடைசி நாளில் அவன் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். முகத்தில் இருந்த மாஸ்க்கை அவனே விலக்கிவிட்டு என்னிடம் பேசினான். "கடுகு சின்னப் பொண்ணுக்கா. நல்லவனாப் பாத்து அவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுடு. நீ சொன்னாத்தான் கேப்பா. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு" என்றான். நான் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

மருந்து மயக்கத்தில் ஏதோ உளறினான், பாவம். அவன் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்று கூடப்பிறந்த எனக்குத் தெரியாதா?