தம்பி விட்டுக்கொடுத்த தண்ணீர் முறை

பணம் சேர்க்கக் கற்றுத்தரும் புத்தகங்களில் தாள் நல்ல தாளாக இருக்கும், சார். அதை நான் குறை சொல்லமாட்டேன். என் தம்பி தனபால் முதன்முதலாக வாங்கிவந்த புத்தகத்தை அவன் இல்லாத நேரம் எடுத்துப் புரட்டினேன். சீக்கிரம் எழு, கண்ணாடியைப் பார்த்துச் சிரி, கேட்பதற்குக் கூச்சப்படாதே என்றெல்லாம் இருந்தது. எங்கள் தொழுவத்து எருமைகூடச் சீக்கிரம்தான் எழுகிறது, அது இன்னும் பணக்காரியாகவில்லை என்று என் மனைவி வனிதாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

எங்கள் ஊர் பெருமாட்டியில் தோப்பை நீங்கள் பார்த்தீர்கள். அப்பா காலமான பிறகு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். வரப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு. கிணற்றைப் பிரிக்க முடியாது இல்லையா? அதனால் ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒருநாள் என் முறை, மறுநாள் அவன் முறை. வெள்ளை ஈ வந்தால் இரண்டு பேர் தென்னையிலும் வரும். காய் விலை விழுந்தால் இரண்டு பேருக்கும் விழும். அப்போதெல்லாம் எனக்குத் தம்பிமேல் நிஜமாகவே பாசம் இருந்தது.

பிறகு அவன் கோயம்புத்தூரில் ஓர் ஓட்டல் ஹாலில் நடந்த பணம் பெருக்கும் பயிற்சிக்குப் போனான். ஏமாந்து திரும்புவான், நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்தேன். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் ஏமாறவில்லை. கொல்லங்கோட்டு வயல்களைப் பார்க்க எர்ணாகுளத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்களே, அவர்களைக் கூச்சமில்லாமல் போய் அழைத்தான். தோப்பில் கயிற்றுக் கட்டில் போட்டு இளநீரும் களியும் கொடுத்தான். நாம் சும்மா உட்காருகிற இடத்தில் உட்கார அவர்கள் காசு கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஓலைக் குடில்கள் எழுந்தன. அதற்கடுத்து ஒரு வெள்ளைக் கார் வந்தது.

"ஏனுங்க, நீங்களும் ஒருக்கா அந்தக் கிளாசுக்குப் போய்ட்டு வந்தா என்னங்க?" என்றாள் வனிதா. "உங்க தம்பி பொண்டாட்டி கார்ல கோயிலுக்கு வர்றா. நான் செருப்புத் தேய நடந்து போறேன்."

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. சாப்பிட உட்காரும்போது அந்தக் காரின் ஹாரன் கேட்டால் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். அவன் வேண்டுமென்று அடிப்பதில்லை, வரப்பில் ஆடு நின்றால் அடிப்பான். எனக்கு அதுவும் தெரியும்.

நானும் போனேன், சார். பொள்ளாச்சிச் சந்தைக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதே ஹாலுக்கு, கடைசி வரிசையில், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு. பணத்துக்கு நான் தகுதியானவன் என்று கையை உயர்த்திக் கத்தச் சொன்னார்கள். கத்தினேன். மதியம் சாதித்தவர்கள் என்று சிலரை மேடைக்கு அழைத்தார்கள். முதலில் ஏறியவன் தனபால்.

"எங்கண்ணன் இதையெல்லாம் நம்ப மாட்டாருங்க" என்றான் மைக்கில். "ஆனா காலைல கண்ண மூடி நிக்கறப்ப மொதல்ல அவரு பேரத்தான் சொல்றனுங்க. அவரும் மேல வரோணுமுங்க."

ஹாலே எழுந்து கைதட்டியது. உட்கார்ந்திருந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று நானும் எழுந்து தட்டினேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் சொன்னதையெல்லாம் பல மாதம் ஒன்றுவிடாமல் செய்தேன். கண்ணாடி முன்னால் சிரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பயிற்சிகளால் பிரயோஜனம் உண்டா என்று தோப்புக்கு வந்தபோது கேட்டீர்கள். அவனுக்கு இருந்தது, எனக்கு இல்லை. பயிற்சியே மோசடி என்று சொல்ல முடிந்திருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இந்தக் கோடையில் அவன் வரப்பு தாண்டி வந்தான். "அண்ணா, நான் தனியா போர் போட்டுட்டனுங்க. கெணத்துல என்ற மொறையையும் நீங்களே எடுத்துக்கங்க. எழுதியே குடுத்தர்றேன்."

நீங்கள் தெற்கேயிருந்து வந்தவர், இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் தண்ணீர் முறைக்காக அண்ணன் தம்பிகள் அரிவாள் எடுத்திருக்கிறார்கள். பக்கத்துச் சித்தூர் கோர்ட்டில் மகன் காலம்வரை வழக்கு நடக்கும். அதை அவன் மிச்சச் சோற்றைத் தூக்கிக் கொடுப்பதுபோலக் கொடுத்தான். அவனும் நானும் சமம் என்று சொல்ல அந்தக் கிணறு ஒன்றுதான் பாக்கி இருந்தது. சந்தோஷம் தம்பி என்றேன்.

"மோட்டார் கேபிள் ஜாயின்ட்ல டேப் போயிருக்குதுங்கண்ணா. குடுக்கறத நல்லதாக் குடுக்கோணுமல்ல. நானே எறங்கிச் சுத்தி உட்டர்றேன்" என்றான்.

எங்கள் ஊர்க் கிணறுகளில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் வேலைக்குக் கிணற்றில் இறங்குகிறவன் கரண்ட் வராதபடி பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு இறங்குவான். கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுக்கமாட்டான். சந்தேகம் என்று இல்லை, மேலே நிற்கிறவன் ஏதோ நினைப்பில் போட்டுவிடக்கூடாது என்பதற்காக. தனபால் அன்றைக்கு வேட்டி கட்டவில்லை. விருந்தாளிகள் வர ஆரம்பித்த பிறகு அரை டவுசர்தான் போடுவான், அதில் பையும் இல்லை.

"இதப் புடிங்கண்ணா" என்று கட்டைகளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு இறங்கினான். மனிதர்களை நம்பு என்று ஹாலில் ஒரு மணிநேரம் பேசினார்கள். அந்தப் பாடத்தையும் அவன் ஒழுங்காகப் படித்திருந்தான்.

நான் மோட்டார் ரூமுக்குள் போனேன். கீழேயிருந்து அவன் குரல் கேட்டது.

"இனி உங்க தோப்புக்குத் தண்ணி கொறையாதுங்கண்ணா."

கட்டைகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பொருத்தினேன். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். பிறகு வெளியே வந்து, அவன் சத்தம் நின்றதும், ஊருக்குக் கேட்கும்படி கூப்பாடு போட்டேன்.

கட்டையைப் பிடுங்க மறந்து இறங்கிவிட்டான், ஆட்டோ ஸ்டார்ட்டர், கரண்ட் வந்ததும் தானாக ஓடிவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். கோயம்புத்தூர் ஹாலில் அவன் படத்துக்கு மாலை போட்டு, எழுந்து நின்று கைதட்டினார்களாம். அவனிடம் இளநீர் குடித்துவிட்டுப் போனவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து அழுதார்கள். காரியம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி கிருத்திகா வந்தாள்.

"அவரு ஆசைப்பட்ட மாதிரியே தண்ணி மொறைய உங்க பேருக்கு எழுதிக் குடுத்தர்றனுங்க மாமா" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். இறந்தவரின் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அதைத் திருத்துங்கள். என் வாழ்க்கையில் நானே யோசித்து, நானே செய்து, நினைத்தபடி முடித்த காரியம் இது ஒன்றுதான். இதையும் அவன் பெயரிலேயே எழுதிவிட்டால் அது நியாயமில்லை, சார்.