ரோல் முடியட்டும்

"மூணு மாசமா என் மூஞ்சி உன் டப்பாக்குள்ளயே கெடக்கு. எப்பதான்டா வெளிய வரும்?"

துபாயில், அல் கூஸிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் டியூட்டி முடிந்த இருவர். கேட்டவர் ஜன்னலோரம் இருந்தார். மற்றவர் கழுத்தில் பழைய பிலிம் கேமரா ஒன்று தொங்கியது.

"ரோல் முடியட்டும் மாப்ள. இன்னும் எட்டுப் படம் எடுக்கணும்."

"எடுத்துத் தீர்த்திருக்கலாம்ல? ரூமை எடுத்திருக்கலாம், கேம்ப் கேட்டை எடுத்திருக்கலாம்."

"கண்டதை எடுக்க இது என்ன போனா?"

"நான் அன்னிக்கே போன்ல எடுத்துப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீதான் கெடுத்த."

"போன் படம்னா பில்டர் போட்டு வெள்ளையாக்கிட்டான்னு சொல்லுவாங்க. பிலிம்ல பொய் வராது."

"ரூம்காரன் கோட்டை மாட்டிவிட்டு, யாரோட கார்லயோ சாய வச்சு எடுத்த. இதுல பொய் வராதாம்! ஒரே ஒரு கிளிக்கு. நான் கண்ணை மூடியிருந்தாக்கூட யாருக்குத் தெரியும்?"

"பிலிமைக் கழுவினா தெரிஞ்சுரும்."

"எப்ப கழுவ? அம்மா தெனமும் கேட்டுச்சு. கழுவப் போயிருக்கு, கழுவப் போயிருக்குன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப் போச்சு."

"நல்ல படத்துக்குக் காத்திருக்கணும் மாப்ள. அதுலதான் சுகமே."

ஜன்னலோரக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருக்குடா சுகம்? வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல நிச்சயம் ஆயிருச்சு."

பஸ் சிக்னலில் நின்றது. கேமராக்காரர் லென்ஸ் மூடியைச் சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

"அப்ப இனி அவசரம் இல்லைல்ல?"