லைன்ல இருங்க மேடம்

– வண்டியைப் பத்தி அப்புறம் பேசலாம் மேடம். நசுங்கின தகரத்தைத் தட்டி எடுத்துடலாம். முதல்ல உங்களைச் சொல்லுங்க. அடி ஏதும் பட்டுச்சா?

– இல்ல சார். பதட்டம் மட்டும்தான் இருக்கு.

– இருக்கத்தான் செய்யும். இல்லைன்னாத்தான் நான் பயப்படுவேன். தலை எங்கயும் இடிக்கலையே? கழுத்தைத் திருப்ப முடியுதா?

– முடியுது. பெல்ட் போட்டிருந்தேன். அது இழுத்த இடத்துல தோள்பட்டை மட்டும் எரியுது.

– நல்லது. பெல்ட் அது வேலையைச் செஞ்சிருக்கு. இன்ஜினை நிறுத்திட்டீங்களா?

– நிறுத்திட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. நாலு இண்டிகேட்டரும் எரியுது. டிக்கியில இருந்து அந்தச் சிவப்பு முக்கோணத்தை எடுத்து, பின்னாடி வர்றவங்க கண்ணுல படுற மாதிரி தள்ளி வச்சிட்டேன். வண்டியை ஓரமாத் தள்ளறதுக்கு முன்னாடியே போட்டோவும் எடுத்தாச்சு. இப்போ ஓரமா, நடைபாதையில ஏறி நிக்கிறேன்.

– அடேயப்பா. இந்த விபத்து உதவி லைன்ல உட்கார்ந்ததுல இருந்து, நான் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒப்பிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். யாரு மேடம் சொல்லிக் குடுத்தா?

– ஒருத்தர். வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதையெல்லாம் மனப்பாடம் பண்றேன்னு என் உயிரை வாங்கினார். நான் அடிபட்டவளா சோபாவுல சாஞ்சு கிடக்கணும். அவர் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து கரண்டியைக் காதுல வச்சிக்கிட்டு, "மேடம் பயப்படாதீங்க"ம்பார்.

– …

– சார்? லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன் மேடம். வண்டி வெள்ளை நிறம்தானே? இடது பக்கக் கதவுல நீளமா ஒரு கீறல்.

– நான் இன்னும் வண்டி நம்பரே சொல்லலையே.

– கம்ப்யூட்டர்ல வந்துச்சு.

– அந்தக் கீறல் கேட்டுல உரசி என் வீட்டுக்காரர் போட்டது. "எப்பவும் இருந்ததுதானே"ன்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறார். அது கம்ப்யூட்டர் வரைக்கும் ஏறிடுச்சா?

– மேடம், ஒண்ணு ஞாபகப்படுத்திடறேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது.

– தெரியும்.

– சொந்தக்காரங்க, வேண்டியவங்க கால் வந்தா அதை நாங்க எடுத்துப் பேசக் கூடாது. அடுத்த சீட்டுக்கு மாத்தி விடணும். இங்க அதுதான் சட்டம்.

– மாத்தி விடுங்க. எனக்கு யாரா இருந்தா என்ன.

– அடுத்த சீட்டுல இருக்கிற பொண்ணு தங்கமான பொண்ணு. பொறுமையாப் பேசும். மாத்திடட்டுமா?

– வேணாம்.

– சரி. அப்போ நீங்க எனக்கு யாரோ, நான் உங்களுக்கு யாரோ.

– அதுல எனக்கொண்ணும் கஷ்டமில்ல சார். வீட்டுல நல்லாப் பழகியிருக்கேன்.

– யம்மா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. என் வண்டிக்குள்ள இருக்கிறது பால். இந்த வெயில்ல இன்னும் கொஞ்ச நேரம் நின்னா அது தயிராத்தான் கடைக்குப் போகும்.

– ஒரு நிமிஷம்ண்ணே, கம்பெனிக்காரங்க லைன்ல இருக்காங்க. சார், இவர் பால் வண்டிக்காரர். இவர் வண்டி பின்னாடிதான் நான் கொண்டு போய் முட்டிட்டேன்.

– அவருக்கு அடி ஏதும் இல்லையே?

– இல்ல. இறங்கி வந்ததும் திட்டுவார்னு நினைச்சேன். "தண்ணி குடிக்கிறியாம்மா"ன்னு கேட்டார். அதுல எனக்கு அழுகையே வந்துடுச்சு. தப்பு முழுக்க என்னோடதுதான் சார், நான்தான் –

– அங்கேயே நிறுத்துங்க மேடம். ரோட்டுல வச்சு யார் தப்புன்னு பேசவே கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது, அவர் சொன்னா தலையாட்டவும் கூடாது. எது நடந்துச்சோ அதை மட்டும் சொல்லணும்.

– நல்ல பழக்கம். இதை வீட்டுல வச்சுக்கிட்டிருந்தா பாதி சண்டை வந்திருக்காது. ஊருக்குத்தான் உபதேசம்.

– எது நடந்துச்சோ அதை மட்டும் சொல்லுங்க மேடம்.

– சிக்னல்ல முன்னாடி வண்டி நின்னுச்சு. நான் பாக்கல. கண்ணுல தூசி.

– ரெண்டு கண்ணுலயுமா?

– ஒரு கண்ணுல விழுந்தா இன்னொரு கண்ணும்தான் சேந்து கலங்கும். அதையும் எழுதிக்கணுமா?

– வேணாம். எங்கேருந்து எங்க போயிட்டிருந்தீங்க?

– அக்கா வீட்டுலேருந்து கடைக்கு.

– இப்போ நிக்கிற இடம்?

– மேம்பாலத்துக்குக் கீழ. கண்ணாஸ்பத்திரி தாண்டி.

– உங்க அக்கா வீட்டுலேருந்து கடைக்குப் போக அந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லையே. அது வேற ஒரு வீட்டுக்குப் போற வழியாச்சே.

– ரோடுன்னா நாலு இடத்துக்கும் போகத்தான் செய்யும். அக்கா வீடு எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெக்கார்ட் ஆகுது சார்.

– கம்ப்யூட்டர்ல…

– கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்தான். வீட்டுல இருக்கிறதுக்கு இதுல கால்வாசி அக்கறை இருந்திருந்தா நான் அக்கா வீட்டுப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

– போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?

– சொல்லியாச்சு. வந்துட்டிருக்காங்களாம்.

– நல்லது. வீட்டுல யாருக்காவது தகவல் சொல்லணுமா மேடம்? நம்பர் குடுத்தா நாங்களே சொல்லிடுவோம்.

– வீட்டுக்காரருக்குத்தான் சொல்லணும். ஆனா அவர் வேலைக்குள்ள போறப்பவே போனை வாங்கி அலமாரியில பூட்டிடுவாங்க. சாயந்திரம் வரைக்கும் என் போன் அந்த அலமாரிக்குத்தான் அடிக்கும்.

– கஷ்டம்தான்.

– சொன்னாலும் என்ன ஆகப் போகுது? "ம்"னு வரும். உப்பு இல்லைன்னாலும் "ம்", உடம்பு சரியில்லைன்னாலும் "ம்". நாள் பூரா முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் தேனாப் பேசுவார் சார். வீட்டுக்கு வந்தா செவுத்தைப் பாத்துட்டு உட்கார்ந்துடுவார். நல்ல வார்த்தையெல்லாம் ஆபீஸ்லயே காலி. எனக்கு மிஞ்சினது அந்த ஒரு எழுத்து.

– மேடம், சிலருக்கு நாள் முழுக்க அழுகைக் குரலாவே கேட்டுட்டு வந்தா, வீட்டுல கிடைக்கிற அமைதி பெருசாத் தெரியும்.

– அவருக்கு அது அமைதி. எனக்கு அது தண்டனை.

– …

– என்ன சார், நீங்களும் "ம்" போட ஆரம்பிச்சிட்டீங்களா?

– இல்ல. நீங்க பேசுங்க. நிறுத்தாதீங்க.

– நான் என்ன பேசறது? எல்லாம் சொல்லியாச்சு.

– எதையாவது பேசுங்க. பால் வண்டி என்ன நிறம், ரோட்டுல யார் போறாங்க, எதுவா இருந்தாலும் சரி. பேசிட்டே இருங்க.

– ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே.

– மழை பெஞ்சிட்டிருந்த நாள்ல ஒரு கால் வந்துச்சு. ஒரு பெரியவர். உங்களை மாதிரியே தெளிவாப் பேசினார். கால்ல லேசா வலி, வேற ஒண்ணுமில்ல தம்பின்னார். நான் வண்டி நம்பரைக் கேட்டேன். பாதி நம்பர் சொன்னார். மீதி வரவே இல்ல. அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேக்குது. நான் "சார், சார்"னு கூப்பிட்டுட்டே இருந்தேன்.

– அதை வீட்டுல சொன்னீங்களா?

– சொல்லணும்னுதான் போனேன். நீ கதவைத் திறந்து, "ஏன் லேட்டு"ன்ன. வாய் வரல.

– "நீ"ன்னுட்டீங்க சார்.

– அன்னிலேருந்து வீட்டுக்கு வந்தா, நீ சமையலறையில பாத்திரம் உருட்டற சத்தத்தையே கேட்டுட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தம் நிக்காம வந்துட்டே இருந்தா போதும்னு இருக்கும். வாயைத் திறந்தா அதைச் சொல்ல வேண்டி வரும். சொன்னா உனக்கும் அது ஒட்டிக்கும். அதான் பேசல.

– நான் உங்களைக் கல்லுன்னேனே. பையைக் கையில வச்சிக்கிட்டு, வாசப்படியில நின்னு.

– சொன்னா என்ன? கல்லாத்தானே இருந்தேன்.

– "போகாதே"ன்னு ஒரு வார்த்தை. அதுக்காகத்தான் செருப்பை அவ்வளவு நேரம் மாட்டினேன். வாரே இல்லாத செருப்பு அது.

– தெரியும். பாத்துட்டுதான் நின்னேன். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல ஏறல.

– என்னங்க, ரெக்கார்ட் ஆகுது.

– ஆகட்டும். ரெக்கார்டுக்காகவே சொல்றேன். லைன்ல இருக்கிறது என் மனைவி. அடுத்த சீட்டுக்கு மாத்தணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாத்தல. கேக்கறவங்க நல்லாக் கேட்டுக்கட்டும்.

– ஐயையோ, வேலைக்கு ஏதாவது வந்துடப் போகுது.

– வராது. கூப்பிட்டு வச்சுத் திட்டுவாங்க. அன்னிக்கு உன்னைப் போக விட்டதுக்கு யாருமே என்னைத் திட்டல. அதுக்கும் சேத்து வாங்கிக்கறேன். அழறியா?

– தூசி.

– சரி, வேலையை முடிப்போம். போட்டோவுல ரெண்டு நம்பர் பிளேட்டும் வந்திருக்கா? பிரேக் போட்ட தடம்?

– எல்லாம் இருக்கு.

– பால் வண்டிக்காரர் பேர், போன் நம்பர், இன்சூரன்ஸ் எல்லாம் வாங்கிக்கோ. உன்னோடதையும் குடு. அவர் முதலாளி வந்து எதுலயாவது கையெழுத்துப் போடச் சொன்னா போடாதே. போலீஸ் கேட்டா மறைக்காம நடந்ததைச் சொல்லு. கழுத்துல இப்போ வலி இல்லைன்னு அலட்சியமா இருந்துடாதே. அது ராத்திரி தூங்கி எந்திரிச்சப்புறம்தான் காட்டும். டாக்டரைப் பாத்தே ஆகணும்.

– தெரியும். உங்களை ஒப்பிக்க வச்சவளே நான்தான். "கையெழுத்து"ங்கறதை நீங்க ஒவ்வொரு தடவையும் மறந்துடுவீங்க.

– இப்போ மறக்கல பாரு.

– ம்.

– இப்போ யார் "ம்" போட்டது?

– பேச்சை மாத்தாதீங்க. வண்டி ஸ்டார்ட் ஆகல. முன்னாடி ஏதோ ஒழுகுது.

– ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதே. இழுத்துட்டுப் போக ஆள் அனுப்பியாச்சு. ஒண்ணு மட்டும் சொல்லணும். வண்டியை எங்க கொண்டு போய் விடறது? அக்கா வீட்டுக்கிட்ட இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கா, நம்ம தெருமுனையில இருக்கிறதுக்கா?

– என்னைக் கேட்டா?

– உன்னைத்தான் கேக்கணும். வண்டி ஓட்டினவங்கதான் சொல்லணும்.

– இது வண்டியைப் பத்தின கேள்வியா?

– இல்ல.

– அப்போ கேள்வியாக் கேக்காதீங்க. எவ்வளவு நாளா உங்க "ம்"முக்கெல்லாம் நானே அர்த்தம் கண்டுபிடிச்சுட்டிருக்கேன் தெரியுமா? சொல்றதை நேராச் சொல்லுங்க.

– வீட்டுக்கு வா. நான் மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு இப்பவே கிளம்பி அங்க வரேன். டாக்டர்கிட்ட சேர்ந்து போலாம். அப்புறம் வீட்டுக்கு. அந்தப் பெரியவரைப் பத்தி இன்னும் கொஞ்சம் இருக்கு. உன்கிட்ட சொல்லணும். நீ பாத்திரம் உருட்டாம உட்கார்ந்து கேக்கணும். வரியா?

– போலீஸ் வந்துட்டாங்க.

– வரியான்னு கேட்டேன்.

– லைசன்ஸ் வண்டிக்குள்ள இருக்கு. எடுத்துக் காட்டிட்டு வந்துடறேன். போனை இந்த அண்ணன்கிட்ட குடுக்கறேன், வச்சிடாதீங்க. அண்ணே, கொஞ்சம் பிடிங்க. உங்க விவரத்தையும் இவர்கிட்ட சொல்லிடுங்க.

– ஹலோ… சார், வணக்கம் சார்.

– வணக்கம்ண்ணே. உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

– எனக்கென்ன சார், முட்டினதே எனக்குத் தெரியல. யாரோ தட்டிக் கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். என் வண்டியில பம்பர் கொஞ்சம் கோணிக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா சொன்னா கோவிச்சுக்காதீங்க, உங்க கம்பெனியைப் பத்தி எனக்கு ஒரு குறை இருக்கு.

– சொல்லுங்க. நாங்க எடுத்ததுல ஏதாவது தாமதமா?

– அதெல்லாம் டாண்ணு எடுத்துடறீங்க. அதுல ஒரு குத்தமும் இல்ல. முதல்ல ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்துச்சு, இந்தம்மா பேசாம வச்சிட்டாங்க. மறுபடி போட்டாங்க. யாரோ ஒரு பையன். வச்சிட்டாங்க. இப்படியே போடறாங்க, வைக்கறாங்க, போடறாங்க. நானும் பாலைப் பாக்கறேன், இந்தம்மாவைப் பாக்கறேன். ஏம்மா, எடுக்கறவங்ககிட்ட சொல்லித் தொலைக்கக் கூடாதான்னு கேட்டுட்டேன். அதுக்குச் சொல்றாங்க சார், "இல்லண்ணே, அங்க ஒருத்தர் இருக்கார், அவர் எடுத்தாத்தான் நான் வீடு போய்ச் சேருவேன்"னு. ஒரு கம்பெனின்னா எல்லாரும் அவரை மாதிரிப் பேசக் கத்துக்க வேணாமா சார்? ஆமா, அந்த ஒருத்தர் நீங்கதானா?