ரோட்டுக்கு ஆர் குடுக்கிறது?

இருங்கோ விமலேஸ்வரி அக்கா, உந்த வாங்கிலை இருங்கோ. நான் அரிசியிலை கல்லுப் பொறுக்கிக்கொண்டே கதைக்கிறன். இதுக்குள்ளை கிடக்கிற கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினாலே எங்கடை கொலனி ரோட்டிலை கிடங்கு குழியளிலை பாதி நிரம்பும். எங்கடை ஆக்கள் அதையும் குடுக்க மாட்டினம்!

நீங்கள் திங்கக்கிழமைதானே இஞ்சை குடிவந்தனீங்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் காணேல்லை. ரோட்டுக்குக் கிரவல் கல்லுப் போடக் காணிக்கு அஞ்சு ரூபா. பாதிக்கு மேலை ஆக்கள் ஓமெண்டால் மிச்சத்தை அரசாங்கம் போடுமாம். அதுக்கு என்ன கதை கதைச்சினம் தெரியுமோ? அப்புத்துரையண்ணை பெரிய ரோட்டுக்குப் பக்கத்திலை, முதல் காணி. "என்ரை படலை வரைக்கும் ரோட்டு நல்லாத்தானே கிடக்கு" எண்டார். இளையதம்பியண்ணை கடைசிக் காணி. "என்னட்டை வந்து சேரமுந்திக் கல்லு முடிஞ்சிடும், நான் ஏன் குடுப்பான்?" எண்டார். இன்னொராளிட்டைச் சைக்கிள் இல்லையாம், இருக்கிறவையிட்டை வாங்கட்டாம். சீ! திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலையிருந்து ரெண்டு கூட்டு மேளம் பிடிக்க மட்டும் மடியிலை காசு இருக்கும். அந்த மேளகாரரும் முழங்கால் சேத்துக்குள்ளாலை தவிலைத் தலையிலை வைச்சுக்கொண்டுதான் வந்தவை!

எனக்கு உது பகிடியில்லை அக்கா. மூத்தவள் பிறந்தது மாட்டு வண்டிலிலை, சில்லுப் புதைஞ்சு நிண்ட இடத்திலை. இப்ப இது நாலாம் மாதம்... மார்கழி மழைக்குத்தான் பிறக்கும். மழை விழுந்தால் தன்ரை சைக்கிள் இஞ்சாலை வராதெண்டு மருத்துவிச்சி அம்மா சொல்லிப்போட்டா. ஓமெண்டிருந்தால் ஐப்பசிக்கு முந்திக் கிரவல் போட்டிருப்பினம்.

கடைசியிலை என்ன? பத்துப் பேர் ஓம், பதினொரு பேர் இல்லை. ஒரேயொரு ஆளாலை கெட்டுது! இவர் அண்டைக்கு வயலுக்குத் தண்ணி கட்டப் போனவர். வந்து கேள்விப்பட்டு, "ஆரடா அந்த ஒருத்தன்?" எண்டு மூண்டு நாளாய்க் குதிக்கிறார்.

அது... ஒருத்தன் இல்லை அக்கா. இவர் தனக்குப் பதிலாய் என்னைத்தான் அனுப்பினவர், ஓமெண்டு சொல்லிப்போட்டு வா எண்டு. சங்கத்துச் செயலாளர் தவராசாண்ணை காணி நம்பரைச் சொல்லிக் கேட்க, அத்தனை ஆம்பிளையளும் திரும்பிப் பார்த்தினம். எனக்கு நாக்கு எழும்பேல்லை. தலையைக் குனிஞ்சன். கலியாணத்துக்குச் சம்மதமோ எண்டு என்னைப் பெத்த ஐயா கேட்கேக்கையும் உப்பிடித்தான் குனிஞ்சு நிண்டனான், அடுத்த கிழமையே நாள் வைச்சவை! இதையும் ஓமெண்டுதான் எழுதுவினமெண்டு நினைச்சன். அந்த மனிசன் "விருப்பமில்லை" எண்டு எழுதிப்போட்டுது!

கூட்டத்து முடிவு எழுதின கடிதம் நாளைக்குத்தானாம் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போகுது. அதுக்கிடையிலை ஒரு சொல்லுச் சொன்னால்...

என்னப்பா? ஓம், வாறன்! ஆர், தவராசாண்ணையோ? கூட்டக் கொப்பியோடையோ?... ஐயோ! அக்கா, நீங்களும் எழும்புங்கோ, என்னோடை வாங்கோ. எனக்கு வாய் வராட்டில் நீங்கள் சொல்லுங்கோ, இவள் அண்டைக்குத் தலையைக் குனிஞ்சது—